பூக்கடையில் ஓர் அமைதி

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பூக்கடைகளைத் தைப்பூசம், தீபாவளிக் காலங்களில் நாம் பார்த்திருக்கிறோம். சரத்துக்கும் மாலைக்கும் ஆள்கள் நெருக்குவார்கள். பூக்கட்டுபவரின் விரல்களோ நிதானம் தவறுவதில்லை. நாரை இழுத்து இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். தளரவிட்டால் சரமே உதிரும். அந்த நிதானந்தான் அவருக்குக் கிடைக்கும் ஓய்வு என்று நமக்குத் தோன்றுகிறது.

குண்டுமல்லியை மொட்டாகவே பறிப்பார்கள். மாலையில் விரியும்போதுதான் மணம் எழும். பறித்த பின்னும் மொட்டு சுவாசிக்கிறது. குவித்து வைத்தால் சூடேறிப் பழுத்துவிடும், போட்ட முதலும் போய்விடும். ஆகவேதான் ஈரத்துணி.

வேலைக்காட்டிலிருந்து திரும்பும் தாய்மார்களே, வெயில் படும் வாசலில் ஒரு செடி வையுங்கள். கிளைகளைக் கவாத்து செய்யத் தயங்காதீர்கள். புதுத் தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும்.