பனிக்குள் மூச்சு

சேலத்துக்காரர்களுக்குப் பனிச்சரிவைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். டீ வரட்டும், பேசுவோம். 2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாமின் மேல் பனிச்சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. புதைந்த 10 பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19வது பட்டாலியன்காரர்கள். நான்கு பேர் தமிழ்நாட்டவர்; ஒருவருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம். 1965 வரை அதுவும் சேலம் மாவட்டம்தானே. இப்போதோ சூரமங்கலம் ஜங்ஷனில் ரயிலேறி, டிசம்பர் குளிரில் இமயமலையின் கேதார்கந்தாவில் மலையேறப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது நம்மில் பலர் நினைத்தது, 'பாவம், குளிரில் விறைத்துப் போயிருப்பார்கள்' என்றுதான். பனி என்றால் மெத்தென்று இருக்கும், மேலே விழுந்தால் உதறிவிட்டு எழுந்துவிடலாம், குளிர்தான் ஆளைக் கொல்லும் என்பது சமவெளியில் இருக்கிற நமக்கெல்லாம் உள்ள எண்ணம். ஆனால் பனிச்சரிவில் புதைகிறவர்களில் பெரும்பாலோர் குளிரால் சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். அது எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

மலையில் பனி ஒரே குவியலாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. மேலே காற்று மைனஸ் 20 டிகிரியில் இருந்தாலும், அடியில் தரை ஏறக்குறைய பூஜ்யத்திலேயே இருக்கும். அந்த வெதுவெதுப்பில் கிளம்பும் நீராவி மேலேறி, வழியில் உறைந்து, ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய மணிகளாகிறது. நம்மூர் சேகோ ஆலைக் களத்தில் காய்ந்த ஜவ்வரிசியைப் பரப்பி, அதன்மேல் ஒரு பலகையை வைத்து, களத்தையே சாய்த்தால் என்ன ஆகும்? பலகை நிற்காது. அடியில் மணி, மேலே காற்று அடித்து இறுக்கிய பனிப்பலகை: பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் இந்த ஜோடிதான்.

சரிவு 30 முதல் 45 டிகிரி வரை இருக்கும் இடங்கள்தான் ஆபத்தானவை. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி தேங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சினிமாவில் கத்தினால் சரியும்; நிஜத்தில் கத்தினால் சரியாது, காலை வைத்தால் சரியும். மலையேறிகள் சிக்கும் விபத்துகளில் பெரும்பாலும் பலகையை உடைப்பது, சிக்கிக்கொண்டவரின் எடையோ கூட வந்தவரின் எடையோதான். சோனத்தில் நடந்தது வேறு. பனிக்கட்டிச் சுவரே பெயர்ந்து வந்தது; அங்கே யார் காலையும் குறை சொல்வதற்கில்லை.

சரிந்து வரும் பனி மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலும் பாயும். ஓடும்போது மணிகள் நொறுங்கும், உரசிச் சூடாகும். நின்ற அடுத்த கணமே அத்தனையும் ஒட்டி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. முகத்துக்கு முன்னால் உள்ள பனியில் நம் மூச்சின் ஈரம் பட்டு உறைந்து, கண்ணாடிபோல ஓர் ஓடு கட்டிவிடும். அப்புறம் காற்று உள்ளே வராது; விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். அதனால்தான் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணி தாண்டினால் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை.

அப்படியானால் சோனத்தில் புதைந்த பத்துப் பேரில் ஒருவரான லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் எப்படி உயிரோடிருந்தார்? டாட், மிஷா என்ற இரண்டு நாய்களையும் கருவிகளையும் வைத்துத் தேடி, பாறைபோல் இறுகிய பனிக்கட்டியை வெட்டி இறங்கியபோது, 25 அடிக்கும் கீழே அவர் மூச்சோடு கிடந்தார். நசுங்கிய கூடாரத்துக்குள் மிஞ்சிய கொஞ்சம் காற்றுவெளிதான் அவரைக் காத்தது. இரவில் மைனஸ் 40 வரை போகிற இடம் அது. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்துபோனார்.

போகிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. பனிச்சரிவு எச்சரிக்கைகளை ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம் ஒன்று வெளியிடுகிறது. மணாலியில் இருந்த பழைய பனி ஆய்வு நிலையத்தின் வழிவந்தது அது. கிளம்புமுன் அந்த எச்சரிக்கைகளைப் பாருங்கள். புதுப்பனி விழுந்த மறுநாள் சரிவில் ஏறாதீர்கள். நடக்கும்போது காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டால், அடியில் மணி அடுக்கு நொறுங்குகிறது என்று அர்த்தம். உடனே வந்த தடத்திலேயே திரும்புங்கள். அலைபரப்பும் பீக்கன், குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும். உங்கள் மண்வாரி உங்களைத் தோண்டாது, அடுத்தவரைத்தான் தோண்டும். ஆகவே கூட வருகிறவரின் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.