கிரைண்டர் வரியை முடிவு செய்வது யார்?

கோவையில் செய்த வெட் கிரைண்டர் ஒன்றை வாங்கினால், பில்லில் விலைக்குக் கீழே இரண்டு வரிகள் இருக்கும்: சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. முன்னது மத்திய அரசுக்கு, பின்னது மாநில அரசுக்கு. இரண்டும் சரிபாதி.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கல் கிரைண்டருக்கு 28 சதவீத வரி. அதே ஆண்டு நவம்பரில் அது 12 ஆனது. 2019 அக்டோபரில் 5 ஆகக் குறைந்தது. 2022 ஜூலையில் 18 ஆக ஏறியது. 10,000 ரூபாய் கிரைண்டருக்கு முதல்நாள் வரை 500 ரூபாயாக இருந்த வரி, மறுநாள் 1,800 ரூபாய். இந்த முடிவை எடுத்தது டெல்லியா, சென்னையா?

இரண்டும் சேர்ந்த ஜிஎஸ்டி கவுன்சில். 2016-ல் அரசமைப்புச் சட்டத்தின் 101-வது திருத்தம் உருவாக்கிய அமைப்பு இது. மத்திய நிதியமைச்சர் தலைவர். மாநில அமைச்சர்கள் உறுப்பினர்கள். கிரைண்டர் வரியை 18 ஆக்கும் முடிவு, 2022 ஜூன் இறுதியில் சண்டிகரில் கூடிய கூட்டத்தில் எடுக்கப்பட்டது.

வாக்கெடுப்பு நடந்தால், மொத்த வாக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு. மீதி மாநிலங்களுக்குச் சமமாக. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே மாநிலங்கள் அத்தனையும் கைகோத்தாலும் மத்திய அரசை மீறி எதையும் நிறைவேற்ற முடியாது. சட்டப்பேரவை உள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து 31 பேரும் வந்திருந்தால், மத்திய அரசுக்கு 20 பேரின் ஆதரவு தேவை. 12 பேர் எதிர்த்தால் தீர்மானம் தோற்கும்.

வழக்கமாக ஒருமித்த கருத்தோடுதான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. முதல் வாக்கெடுப்பு 2019 டிசம்பரில், லாட்டரி வரிக்காக நடந்தது. மக்கள்தொகை எவ்வளவானாலும் மாநிலத்துக்கு ஒரே மதிப்புள்ள வாக்கு என்பது நியாயமில்லை என்று 2021 மே மாதக் கூட்டத்தில் தமிழ்நாட்டின் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வாதிட்டார்.

கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டப்பேரவைகளையோ கட்டுப்படுத்தாது என்று 2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி கடைசிச் சொல் மக்கள் பிரதிநிதிகளுடையதுதான். நடைமுறையிலோ, கவுன்சில் சொன்ன விகிதமே அரசாணையாகிறது.

வரி ஏறினால் மாநிலம் மத்திய அரசைக் கைகாட்டுகிறது. மத்திய அரசு “மாநிலங்களும் ஒப்புக்கொண்டவைதானே” என்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. அதனாலேயே கேள்வியை இரண்டு வாசலிலும் கேட்க வேண்டும். கூட்டத்துக்குப் புறப்படும் முன் மாநில நிதியமைச்சர் தன் நிலைப்பாட்டைச் சட்டப்பேரவையில் வைக்கட்டும். திரும்பி வந்ததும் என்ன பேசினார், எதற்கு இசைந்தார் என்று அங்கேயே சொல்லட்டும். பில்லில் இரண்டு அரசுகளுக்கும் பாதிப் பாதி பணம் போகிறது. பொறுப்பும் அப்படியே பாதிப் பாதிதான்.