நீளும் மணி, குறுகும் மணி
ஜப்பான் காலத்தை அளந்த கதை

உங்கள் வகுப்பறைச் சுவரில் கடிகாரம் தொங்குகிறதா? அது காட்டும் ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று கேட்டால், "60 நிமிடம்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கோடையிலும் 60 நிமிடம், குளிர்காலத்திலும் 60 நிமிடம். பகலானாலும் இரவானாலும் அதேதான். இதில் ஐயப்பட என்ன இருக்கிறது?

ஆனால் 1870ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுச் சிறுவன் ஒருவனிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "எந்த மாதத்து மணி? பகல் மணியா, இரவு மணியா?" என்று திருப்பிக் கேட்டிருப்பான். அவன் நாட்டில் மணிப்பொழுதின் நீளம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது!

ஜப்பான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நிமிடம் பிசகாமல் வந்து நிற்கும் ரயில். காலந்தவறாமை ஜப்பானியரின் இரத்தத்திலேயே ஊறியது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மையா? ஒரு மக்களின் பண்பாடு பிறவியிலேயே வருகிறதா, அல்லது அவர்களே ஆக்கிக்கொள்வதா? விடை காண, ஜப்பானியக் கடிகாரங்களைத் திறந்து உள்ளே பார்ப்போம்.

சூரியன் வகுத்த பொழுது

பழைய ஜப்பானில் விடியல் முதல் அந்தி வரை உள்ள நேரத்தை ஆறு சம பங்குகளாகப் பிரித்தார்கள். அந்தி முதல் மறு விடியல் வரை உள்ள இரவையும் ஆறு பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்குத் தோக்கி என்று பெயர். ஒரு நாளைக்கு 12 தோக்கிகள். ஆகவே சராசரியாக ஒரு தோக்கி நமது இரண்டு மணி நேரத்துக்குச் சமம்.

சராசரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டோக்கியோ நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 36 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் பகல் மிக நீளம். டிசம்பரில் மிகக் குறைவு. எனவே ஜூனில் ஒரு பகல் தோக்கி 2 மணி 40 நிமிடத்தை நெருங்கியது. டிசம்பரிலோ அது ஏறத்தாழ 1 மணி 50 நிமிடமாகச் சுருங்கியது. பகல் தோக்கி நீளும்போது இரவுத் தோக்கி குறுகும்.

இது அறியாமையால் வந்த வழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். மின்விளக்கு இல்லாத காலம் அது. உழவரும் தச்சரும் வெளிச்சம் உள்ளவரைதான் வேலை செய்ய முடியும். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் காசு வேண்டும். விடிந்ததும் ஒரு மணி ஒலி, இருட்டும்போது ஒரு மணி ஒலி என்றிருந்தால், அந்த நாளின் வேலை சூரியனோடு தொடங்கிச் சூரியனோடு முடிந்துவிடும். அந்த வாழ்க்கைக்கு அந்த அளவு பொருத்தமாகவே இருந்தது.

பொழுதை அறிவிக்க மணி அடித்த முறையும் விந்தையானது. நள்ளிரவில் 9 முறை அடிப்பார்கள். அடுத்த தோக்கிக்கு 8, பிறகு 7, விடியலில் 6, பின்னர் 5, 4 என்று இறங்கிவரும். நண்பகலில் மறுபடியும் 9! ஏன் இறங்குமுகம்? ஒன்பதாம் வாய்பாட்டைச் சொல்லிப் பாருங்கள்: 9, 18, 27, 36, 45, 54. கடைசி இலக்கங்களை மட்டும் எடுத்தால் 9, 8, 7, 6, 5, 4. மணி இப்படி அடித்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். ஒவ்வொரு தோக்கிக்கும் ஒரு விலங்கின் பெயரும் உண்டு. நள்ளிரவு எலிப் பொழுது. நண்பகல் குதிரைப் பொழுது.

விருந்தாளியாக வந்த இயந்திரம்

1551ஆம் ஆண்டில் ஒரு ஐரோப்பியக் கடிகாரம் ஜப்பானுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் சவேரியார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணியாற்றியவரும் அவரே. அதை அவர் யாமகுச்சியின் பிரபுவான ஓவுச்சி யோஷித்தாக்காவுக்குப் பரிசாக அளித்தார். அந்தக் கடிகாரம் இன்று இல்லை. ஆனால் 1611இல் ஸ்பெயின் மன்னர் தொக்குகாவா இயயாசுவுக்கு அனுப்பிய கடிகாரம் இன்றும் ஷிசுவோக்காவில் உள்ள குனோசன் கோயிலில் இருக்கிறது.

ஐரோப்பியக் கடிகாரத்தின் மணிகள் எல்லாம் ஒரே நீளம். ஜப்பானியரின் பொழுதோ நாள்தோறும் மாறுவது. இரண்டும் ஒத்துப்போகாதே! என்ன செய்வது? கடிகாரத்துக்கு ஏற்ப வாழ்க்கையை மாற்றலாம்; அல்லது வாழ்க்கைக்கு ஏற்பக் கடிகாரத்தை மாற்றலாம். ஜப்பானியக் கைவினைஞர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதை எப்படிச் செய்தார்கள்? அக்காலக் கடிகாரத்தின் மேல்பகுதியில் ஒரு குறுக்குத் தண்டு இருக்கும். அதன் நடுவே அச்சு. இரு பக்கங்களிலும் இரண்டு சிறிய எடைகள். தண்டு இடமும் வலமுமாகத் திரும்பி ஆடும். ஆட ஆடப் பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகரும். எடைகளைத் தண்டின் முனைப்பக்கம் தள்ளினால் தண்டு மெதுவாக ஆடும். கடிகாரமும் மெதுவாக ஓடும். எடைகளை அச்சுக்கு அருகே நகர்த்தினால் வேகம் கூடும். இதுவே உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் நிலைமத் திருப்புத்திறன். சுழலும் நாற்காலியில் அமர்ந்து கைகளை விரித்தால் வேகம் குறைவதும், மடக்கினால் கூடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே பகலுக்கு ஓர் இடத்திலும் இரவுக்கு இன்னோர் இடத்திலும் எடைகளை வைத்தால் போதும். விடியலிலும் அந்தியிலும் ஒருவர் நினைவாக மாற்றிவைக்க வேண்டும். பிறகு இந்தத் தொல்லையும் தீர்ந்தது. ஒரே கடிகாரத்தில் பகலுக்கு ஒரு தண்டு, இரவுக்கு ஒரு தண்டு என இரண்டைப் பொருத்தினார்கள். விடிந்ததும் ஒன்று நின்று மற்றொன்று தானாக ஆடத் தொடங்கும். சுமார் 15 நாட்களுக்கு ஒருமுறை எடைகளைச் சற்று நகர்த்தினால் போதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1656ஆம் ஆண்டில் ஹாலந்து அறிஞர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். ஐரோப்பா பழைய குறுக்குத் தண்டைக் கைவிட்டது. ஜப்பானியர் மட்டும் அதை 200 ஆண்டுகளுக்கு மேல் விடாமல் வைத்திருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது பின்தங்கிய நிலைபோல் தோன்றும். ஆனால் வேகத்தை எளிதில் மாற்ற முடிவதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சீராக ஆடும் ஊசலின் சிறப்பு அவர்களுக்குத் தடையாகவே இருந்திருக்கும்!

ஆறு முகக் கடிகாரம்

வேறொரு வழியும் உண்டு. கடிகாரம் சீராகவே ஓடட்டும். முகப்பில் உள்ள எண்களை நகர்த்தினால் என்ன? பகல் எண்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டி, இரவு எண்களுக்கு இடையே குறைத்துவிடலாம் அல்லவா? கைகளால் நகர்த்தும் எண் தகடுகள் கொண்ட கடிகாரங்கள் பல இருந்தன. அத்தகடுகளைத் தாமாகவே நகரவைத்தவர்களில் தலைசிறந்தவர் தனாக்கா ஹிசாஷிகே.

1799இல் குருமே ஊரில் ஆமையோட்டுக் கைவினைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் தனாக்கா. தானே இயங்கும் பொம்மைகள் செய்வதில் இளமையிலேயே பெயர் பெற்றார். அவருடைய பொம்மைச் சிறுவன் அம்பை எடுத்து, வில்லில் தொடுத்து, குறிபார்த்து எய்வான். 1851இல் அவர் செய்து முடித்த கடிகாரத்துக்குப் 'பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரம்' என்று பெயர். அதற்கு ஆறு முகங்கள். ஒன்றில் ஜப்பானியப் பொழுது. ஒன்றில் ஐரோப்பிய மணி. மற்றவற்றில் பருவம், கிழமை, 60 எண்ணிக்கை கொண்ட நாள் சுற்று, நிலவின் பிறை. உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஜப்பானின் வரைபடம். அதன்மேல் சூரியனும் சந்திரனும் நகரும். ஒருமுறை சாவி கொடுத்தால் ஓராண்டு ஓடும்படி திட்டமிடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். ஏறக்குறைய எல்லாம் கையால் அராவியவை.

2004ஆம் ஆண்டில் பொறியியலாளர்கள் இதைப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரே திசையில் சுற்றும் சக்கரத்தின் இயக்கத்தை, எண் தகடுகள் ஆறு மாதம் விலகவும் ஆறு மாதம் நெருங்கவும் மாற்றித்தரும் விந்தையான பற்சக்கரம் உள்ளே இருந்தது. இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. இந்த ஆறு முகங்களையும் ஒழுங்காக ஓடவைப்பது உள்ளே பொருத்தப்பட்ட ஓர் ஐரோப்பியச் சட்டைப்பைக் கடிகாரம்! வெளியே நீண்டு குறுகும் ஜப்பானியப் பொழுது. உள்ளே மாறாத சீரான துடிப்பு. பழமையும் புதுமையும் ஒரே பெட்டிக்குள் சண்டையின்றி இருந்தன.

23 நாள் அவகாசம்

ஆனால் வெளியுலகம் காத்திருக்கவில்லை. 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஜப்பானின் கதவைத் தட்டின. 1868இல் ஆட்சி மாறி மெய்ஜிக் காலம் பிறந்தது. 1872 அக்டோபர் 14 அன்று ஷிம்பாஷிக்கும் யோக்கஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. பயண நேரம் 53 நிமிடம். கோடையில் நீண்டு குளிரில் குறுகும் தோக்கியைக் கொண்டு ரயில் அட்டவணை எழுத முடியுமா? முடியாது.

அதே ஆண்டின் பதினொன்றாம் மாதம் 9ஆம் நாள் அரசு ஆணை பிறப்பித்தது. சந்திரனை ஒட்டிய பழைய நாட்காட்டி ஒழிந்தது. ஒரு நாளுக்கு 24 சம மணிகள் என்றாயிற்று. 12ஆம் மாதம் 2ஆம் நாளுக்கு மறுநாள் 1873 ஜனவரி 1! அந்த மாதத்தின் எஞ்சிய நாட்கள் அப்படியே மறைந்துபோயின. மக்களுக்குக் கிடைத்த அவகாசம் 23 நாட்கள்.

இவ்வளவு அவசரம் ஏன்? பழைய கணக்குப்படி அடுத்த ஆண்டில் 13 மாதங்கள் வரவிருந்தன. அரசு ஊழியர்களுக்கு 13 மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கருவூலத்திலோ பணம் இல்லை. புதிய நாட்காட்டியால் அந்தச் செலவு மிச்சமாயிற்று. பெரிய மாறுதல்களுக்குப் பின்னால் இப்படிச் சில்லறைக் கணக்குகளும் இருப்பதுண்டு!

இந்த மாறுதலுக்கு விலையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக வளர்ந்த கடிகாரக் கலை ஒரே ஆணையில் பயனற்றதாயிற்று. பழைய கடிகாரங்கள் வெறும் காட்சிப் பொருள்களாயின. கிராமத்து மக்கள் பல ஆண்டுகள் பழைய நாட்காட்டிப்படியே பண்டிகைகளைக் கொண்டாடி வந்தார்கள்.

கற்றுக்கொண்ட காலந்தவறாமை

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1857இல் நாகசாக்கிக்குக் கடற்படைப் பயிற்சி அளிக்க வந்த டச்சு அதிகாரி கத்தெண்டைக் என்ன எழுதினார் தெரியுமா? ஜப்பானியர் குறித்த நேரத்தில் வருவதில்லை, எதற்கும் அவசரப்படுவதில்லை என்று அலுத்துக்கொண்டார்!

அதே நாட்டில் 1964இல் அதிவேக ஷின்கான்சென் ரயில் ஓடத் தொடங்கியது. அது காலந்தவறாமைக்கு உலகப் புகழ் பெற்றது. இடையில் நடந்தது என்ன? பள்ளிக்கூட மணி, தொழிற்சாலைச் சங்கு, ராணுவப் பயிற்சி, ரயில் அட்டவணை ஆகியவை மக்களைச் சிறிது சிறிதாகப் பழக்கின. 1920இல் டோக்கியோவின் கல்வி அருங்காட்சியகத்தில் காலத்தைப் பற்றிய கண்காட்சி ஒன்றே நடந்தது. அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாளைக் 'கால நினைவு நாள்' என்று அறிவித்தார்கள். ஏன் ஜூன் 10? 671ஆம் ஆண்டில் அந்த நாளில் பேரரசர் தென்ஜி நீர்க்கடிகாரம் அமைத்துப் பொழுதை அறிவிக்கச் செய்தார் என்று பழைய வரலாற்று நூல் கூறுகிறது. புத்தம்புதிய பழக்கம் ஒன்றுக்கு 1,200 ஆண்டுப் பழமை தேடித் தரப்பட்டது!

எனவே காலந்தவறாமை ஜப்பானியருக்குப் பிறவிக் குணம் அன்று, கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டது என்பதால் அது அவர்களுடையது அல்ல என்றும் ஆகிவிடாது.

மறையாத குதிரை

பழையது முழுவதும் அழிந்துவிட்டதா? ஜப்பானியர் இன்றும் முற்பகலைக் 'கோசென்' என்றும் பிற்பகலைக் 'கோகோ' என்றும் சொல்கிறார்கள். இவற்றின் பொருள் 'குதிரைக்கு முன்', 'குதிரைக்குப் பின்'. கைபேசியின் திரையிலும் பழைய குதிரைப் பொழுது ஓடிக்கொண்டிருக்கிறது. மாலைச் சிற்றுண்டிக்கு 'ஒயாட்சு' என்று பெயர். பிற்பகலில் 8 முறை மணி அடித்த பொழுதில் உண்டதால் வந்த சொல் அது.

கைத்திறனும் அழியவில்லை. பொம்மை செய்த தனாக்கா முதுமையில் டோக்கியோவுக்குச் சென்று தந்திக் கருவிகள் செய்தார். 1875இல் அவர் தொடங்கிய தொழிலகம் பின்னாளில் தோஷிபா நிறுவனத்தின் வேர்களுள் ஒன்றாயிற்று. 1969 டிசம்பர் 25 அன்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சீக்கோ நிறுவனம். அதன் பிழை மாதத்துக்கு 5 விநாடி மட்டுமே.

2020இல் வெளியான ஓர் ஆய்வில், கத்தோரி ஹிதெத்தோஷியின் குழு டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியிலும் 450 மீட்டர் உயரத்திலும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரங்களை வைத்து ஒப்பிட்டது. மேலே காலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நானோ விநாடி வேகமாக ஓடியது! ஈர்ப்பு விசை குறைந்தால் காலம் விரையும் என்ற ஐன்ஸ்டீனின் கொள்கை மெய்ப்பிக்கப்பட்டது. எங்கும் ஒரே நீளமான விநாடி என்பதும் இயற்கையின் கட்டளை அல்ல போலும்!

ஒரே இயந்திரத்தைத் தம் வாழ்க்கைக்கு ஏற்ப வளைத்தவர்களும் ஜப்பானியர்தாம். பிறகு தம் வாழ்க்கையை இயந்திரத்துக்கு ஏற்ப வளைத்தவர்களும் அவர்கள்தாம். இரண்டில் எது உண்மையான ஜப்பான் என்று கேட்டால், இரண்டும்தான். எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்று ஒரு மக்கள் காலந்தோறும் எடுக்கும் முடிவுகளின் தொகுப்பே பண்பாடு.

செய்து பாருங்கள்

ஜூன் 21, டிசம்பர் 21 ஆகிய நாட்களில் உங்கள் ஊரில் சூரியன் உதிக்கும், மறையும் நேரங்களை நாட்காட்டியிலோ செய்தித்தாளிலோ பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பகலின் நீளத்தை 6ஆல் வகுத்தால் உங்கள் ஊர்த் தோக்கி கிடைக்கும். டோக்கியோவில் உதயம் முதல் மறைவு வரை ஜூனில் சுமார் 14 மணி 35 நிமிடம். டிசம்பரில் சுமார் 9 மணி 45 நிமிடம். உங்கள் ஊரில் வேறுபாடு ஏன் இவ்வளவு குறைவு? அட்சரேகையைப் பார்த்து விடை கண்டுபிடியுங்கள்.