விளக்கும் வேவும்: ‘ஸைனி பரகாத்’ நாவலில் இடம், வெளி

வரலாற்று நாவல் என்றால் கோட்டை, போர்க்களம், அரசவை என்றுதான் பொதுவாக எதிர்பார்க்கிறோம். எகிப்திய எழுத்தாளர் கமால் அல்-கீதானியின் (1945–2015) ‘ஸைனி பரகாத்’ (1974) இந்த எதிர்பார்ப்பைக் குலைக்கிறது. 1516இல் மர்ஜ் தாபிக் போரில் மம்லூக் சுல்தான் அல்-கூரி ஒட்டோமான் படையிடம் தோற்று மடிகிறார். 1517இல் கெய்ரோ விழுகிறது. ஆனால் இப்பிரதியில் போர் பெரும்பாலும் காதில் விழுகிற சேதிதான். வீழ்ச்சி நடப்பது சந்திலும் அங்காடியிலும் மாணவர் விடுதியிலும்.

ஸைனி பரகாத், அங்காடியையும் பொது ஒழுக்கத்தையும் மேற்பார்க்கும் ‘முஹ்தஸிப்’ பதவிக்கு வருகிறான். நீதிமான் என்று பேர். தெருக்களில் விளக்குகளைத் தொங்கவிடச் சொல்கிறான். நல்லதுதானே, இதுல என்ன தப்பு என்று தோன்றும். மத அறிஞர்களிடையே சர்ச்சை எழுந்து, விளக்குகள் இறக்கப்படுகின்றன. இதைப் பழமைக்கும் சீர்திருத்தத்துக்குமான சண்டையாக மட்டும் வாசித்தால் விஷயம் தப்பிவிடும். பழைய கெய்ரோவின் சந்துகளுக்கு இரவில் மூடும் கதவுகள் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். அது அவர்கள் வாழ்ந்து பழகிய இடம். மேலிருந்து வரும் வெளிச்சம் அந்த இடத்தை அதிகாரம் வாசிக்கக்கூடிய வெளியாக மாற்றுகிறது.

மறுபக்கம் ஒற்றர்தலைவன் ஸகரிய்யா. அவனுடைய களம் இருட்டு. வீட்டுக்குள்ளேயே சிறை வைத்திருக்கிறான். முதலில் ஸைனியைச் சந்தேகிக்கிற இவன், பிறகு அவனோடு கைகோத்துக்கொள்கிறான். வெளிச்சமும் இருட்டும் எதிரிகள் என்ற நம் நம்பிக்கை அங்கே உடைகிறது.

இருவருக்கும் நடுவே நசுங்குகிறவன் அல்-அஸ்ஹர் மாணவன் ஸயீத் அல்-ஜுஹைனி. ஜுஹைனா மேல் எகிப்தில் உள்ள ஊர். கீதானி பிறந்ததும் அங்கேதான். பேரிலேயே ஊரைச் சுமக்கிற இவனைப் பற்றி உடன்படிக்கும் மாணவனே ஒற்றறிக்கை தருகிறான். ஃபூக்கோவின் சிறை பற்றிய நூல் வந்தது 1975இல், இந்நாவலுக்கு ஓராண்டு கழித்து. அதில் வரும் நடுக்கோபுரம் இங்கே இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவனே கோபுரம். கடைசியில் ஸயீதின் மனசுக்குள்கூட ஒதுங்க ஓர் இடம் மிஞ்சுவதில்லை.

வடிவமும் இதையே செய்கிறது. பகுதிகளுக்குக் கீதானி வைத்த பெயர் ‘ஸுராதிக்’: கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவில் போடுகிற கூடாரம். உள்ளே அறிவிப்புகள், வெனிஸ் பயணி ஒருவனின் குறிப்புகள், ஒற்றறிக்கைகள். அறிக்கையைப் படிக்கும்போது நாமும் வேவு பார்க்கிறோம். அந்தச் சங்கடம் நமக்கு வேண்டியதுதான்.

1517ஐ 1967 போர்த் தோல்வியாகப் படிப்பது வழக்கம். நாசர் ஆட்சியில், 1966–67இல், கீதானி சிறையிலிருந்தவர் என்பதால் அதற்கு நியாயமும் உண்டு. ஆனா வருஷத்தை மட்டும் மாற்றிப் போட்டால் போதாது. அவர் வளர்ந்த கமாலிய்யா பழைய கெய்ரோவின் பகுதி. காலம் நானூற்றைம்பது ஆண்டு தள்ளிப்போயிருக்கிறது. சந்து அங்கேயே இருக்கிறது. உருவகம் காலூன்றுவது இந்த மண்ணில்தான்.

ஒட்டோமான்கள் வந்த பிறகும் ஸைனி பதவியில் அமர்கிறான். நியாயத்தின் பேரால் தெருவுக்கு விளக்கு வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த வெளிச்சத்தில் நம்மை அவன் பார்க்கிறான், அவனை நாம பார்க்க முடியுதா?