சிவப்பு விளக்கு சொல்லும் செய்தி

பெட்ரோல், டீசல் கார்களில் ஓட்டுநருக்கு முன்னால் எண்ணெய்க் குடுவை வடிவில் ஒரு சிறு சிவப்பு விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பியதும் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். வழியில் அது மீண்டும் எரிந்தால் உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்திவிட வேண்டும். ஏன் இந்த அவசரம்?

எஞ்சினின் கிராங்க் தண்டு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கிறது. அதற்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர்தான். அங்குள்ள எண்ணெய்ப் படலமே உலோகத்தோடு உலோகம் உரசாமல் காக்கிறது. படலம் அறுந்தால் சில நிமிடங்களிலேயே பேரிங் தேய்ந்து, தண்டு இறுகிப்போகக்கூடும்.

இந்த எண்ணெயின் அழுத்தம் எவ்வாறு உண்டாகிறது? பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. குறுகிய இடைவெளி அதைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அழுத்தம். தோட்டத்து ரப்பர் குழாயின் நுனியை விரலால் பாதி மூடினால் நீர் பீறிடுகிறது. விரலை எடுத்தால் வேகம் தணிகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆகவே எண்ணெய் வரத்துக் குறைந்தாலும், எண்ணெய் நீர்த்துப்போனாலும், இடைவெளி அகன்றாலும் அழுத்தம் குறையும்.

இவற்றுள் எது காரணம்? எளிய சோதனையிலிருந்து தொடங்குவோம். சிறிது நேரம் கழித்து அளவுக்கம்பியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டு, கசிவைத் தேட வேண்டும். அளவு சரியாக இருந்தால், விளக்கை இயக்கும் சுவிட்சைக் கழற்றி, அங்கே அழுத்தமானியைப் பொருத்துவார் மெக்கானிக். மானி சரியான அழுத்தத்தைக் காட்டினால் சுவிட்சோ அதன் கம்பியோதான் பழுது.

மானியும் குறைவாகக் காட்டினால்? எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சரியாக இருந்து, சூடேறி மெதுவாக ஓடும்போது மட்டும் அழுத்தம் விழுந்தால், எண்ணெய் நீர்த்திருக்கலாம். அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். குளிர்ந்த நிலையிலும் குறைவாகவே இருந்து, வேகத்தைக் கூட்டியும் ஏறாவிட்டால், பம்பையும், அடைபட்ட சல்லடையையும், மூடாமல் சிக்கிக்கொண்ட விடுவிப்பு வால்வையும் சந்தேகிக்க வேண்டும்.

கெட்டியான எண்ணெயை ஊற்றினால் மானியின் முள் ஏறும். ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி என்பார்கள் மருத்துவர்கள். எண்ணெய் அழுத்தக் குறைவும் அப்படியே.