கொல்லிமலை பிராண்ட் குடும்பமும் குழந்தை வளர்ப்பும்

நன்றியறிதலும் தியாகமும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரும்பாலும் குடும்ப ஜெபத்திலும் ஞாயிறு பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கப்படுகின்றன. சொல்லிக் கொடுப்பதைவிடப் பெற்றோர் வாழும் முறையே குழந்தையின் மனத்தில் ஆழமாகப் பதியும் என்பதற்குச் சேலம், நாமக்கல் பகுதியில் நன்கு அறியப்பட்ட சான்று, கொல்லிமலையில் வாழ்ந்த பிராண்ட் குடும்பம்.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தில் கட்டட வேலை கற்றவர். சிறிது மருத்துவப் பயிற்சியும் பெற்று, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் 1907இல் இந்தியா வந்தார். அவர் மனைவி ஈவ்லின் லண்டனின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். 1913இல் திருமணமானதும் இருவரும் கொல்லிமலையில் குடியேறினர். அப்போது மலைக்குச் சாலை கிடையாது. நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். மகன் பால் 1914இல் பிறந்தார். பின்னர் மகள் கோனி பிறந்தார்.

பிள்ளைகளுக்கு ஈவ்லினே ஆசிரியை. பால் மரத்தின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டு, தாளைக் கீழே போடுவாராம். தாய் திருத்தித் தருவார். வகுப்பறையில் அடங்காத பிள்ளையைக் கண்ட எந்த ஆசிரியருக்கும் இது வியப்பளிக்காது. தந்தை எறும்புப் புற்றையும் கறையானையும் காட்டி, படைப்பைக் கண்டு வியக்கவும் அதற்காக நன்றி சொல்லவும் பழக்கினார்.

1918–19இல் பரவிய விஷக் காய்ச்சலில் மலைக் கிராமங்கள் தவித்தபோது, கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர், சாகும் தறுவாயில் தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிடப்பட்ட அந்தக் குழந்தை பாலுக்கும் கோனிக்கும் தங்கையாக வளர்ந்தாள். பிறகு ஆதரவற்ற வேறு குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். பெற்றோரின் அன்பைப் பங்கிட்டுக்கொள்வது அந்த வீட்டில் அன்றாட வழக்கமாயிற்று.

பாலுக்கு ஏழு வயதிருக்கும்போது தொழுநோயாளிகள் மூவர் வந்தனர். பிள்ளைகளை விலகியிருக்கச் சொல்லிவிட்டு, வழக்கத்திற்கு மாறாகக் கையுறை அணிந்து, அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டினார் தந்தை. பிள்ளைகள் மறைந்திருந்து பார்த்தார்கள். தந்தையின் முகத்தில் அச்சத்தைக் கண்டதாகப் பால் பின்னாளில் எழுதியுள்ளார். அஞ்சியும் அவர் விலகவில்லை என்பதும் சிறுவனின் கண்ணில் பட்டது.

இந்தக் குடும்பத்தின் கதையில் வேதனையான பகுதியும் உண்டு. 1923இல் படிப்புக்காகப் பிள்ளைகள் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டார்கள். பால் அதன்பின் தந்தையைப் பார்க்கவேயில்லை. மரம், செடி, மலையைப் பற்றித் தந்தை தவறாமல் கடிதம் எழுதினார். மேட்டூர் அணை வேலை நடந்துகொண்டிருந்த 1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி இறந்தார். மரணச் செய்தி தந்தியில் வந்து சேர்ந்த பிறகே அவருடைய கடைசிக் கடிதம் கப்பலில் வந்தது. பெற்றோர் மனமுவந்து ஏற்ற தியாகத்தின் விலையைப் பிள்ளைகளும் கொடுத்தார்கள்; அவர்களை யாரும் கேட்கவில்லை. இத்தகைய குடும்பங்களைப் புகழ்ந்து எழுதுவோர் இதை மறைப்பது சரியன்று.

முன்மாதிரி உடனே பலன் தந்துவிடவும் இல்லை. சீழும் இரத்தமும் கண்டு அருவருத்த பால், மருத்துவம் வேண்டாமென்று கட்டட வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்தே மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் இயங்கவைத்தார். அங்கே அவர் தொடங்கிய நவ ஜீவ நிலையத்தில் நோயாளிகளுக்குத் தச்சு வேலை கற்றுத்தரப்பட்டது. இளமையில் பழகிய தொழில் அங்கே கைகொடுத்தது.

தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம் வலி உணர்வை இழப்பதே என்று அவர் விளக்கினார். ஒருமுறை தம் குதிகாலில் உணர்வில்லை எனக் கண்டு, நோய் தொற்றிவிட்டதோ என்று இரவெல்லாம் கலங்கினார். காலையில் ஊசியால் குத்தியபோது வலித்தது. அந்த வலிக்காகவே கடவுளுக்கு நன்றி சொன்னார்.

ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பின்னும், எழுபதை நெருங்கிய வயதில் மலைக்கே திரும்பினார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு இரு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தும், மட்டக்குதிரையில் ஏறியும் மலைக் கிராமங்களுக்குச் சென்றுவந்தார். 1974 டிசம்பரில் 95ஆம் வயதில் மறைந்த அவர், கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.