பிறர் வீடு, நம் பொறுப்பு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர் இரண்டு சோதனைகளைச் சொல்லி வைத்தார்கள். "வாடகை வீட்டில் குடியிருந்து பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம். முதல் இரண்டிலும் பெரும்பாலும் பணந்தான் கரைகிறது. மூன்றாவதிலோ மனிதனுடைய குணமே பரீட்சைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பரீட்சையில் நாம் ஒரு முறை தவறிப் போன கதையை வாசக நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, காற்றோட்டமான மொட்டைமாடி. வீட்டுக்கார அம்மாள் கீழே தனியாக வசித்து வந்தார். கணவர் காலமாகிவிட்டார்; மாடியிலிருந்து வரும் வாடகையே அவருக்கு ஜீவனம். இது நமக்குத் தெரியாத விஷயமல்ல. ஆயினும், வீட்டுக்காரர் என்றாலே பணக்காரர் என்று எண்ணுவது குடித்தனக்காரர்களின் பொதுவான சுபாவமல்லவா? நாமும் அதற்கு விலக்காக இருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய படம் ஒன்றை மாட்டுவதற்காகச் சுவரில் ஆணி அடித்தோம். குளியலறையை ஒட்டிய சுவர் அது. உள்ளே குழாய் ஓடுகிறது என்று யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நான்கு நாளில் சுவரில் தட்டளவு ஈரம் கண்டது. நாம் செய்தது என்ன? குழாய்க்காரரை அழைக்கவில்லை, அம்மாளிடம் சொல்லவும் இல்லை. பீரோவை நகர்த்தி ஈரத்தை மறைத்தோம்! "காலி செய்யும்போது பார்த்துக் கொள்ளலாம்" என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக் கொண்டோம்.

பத்து மாதம் கழித்து வேறு வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. அம்மாள் முன்பணம் முழுவதையும் எண்ணி ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். மாடியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றதற்கு, "நீங்கள் இருந்த வீட்டை நான் சோதனை போடுவதா?" என்று சிரித்தார். நம் மனைவி நம்மை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அம்மாளை மாடிக்கு அழைத்துச் சென்று, பீரோ இருந்த இடத்தைக் காட்டினோம். காரை கையோடு பெயர்ந்து விழுந்தது.

அப்போதுதான் முழு விஷயமும் வெளிவந்தது. கீழே அவருடைய படுக்கையறைச் சுவரிலும் ஈரம் இறங்கியிருந்திருக்கிறது. மழை நீர்தான் இறங்குகிறது என்று யாரோ சொல்ல, இரண்டு மாத வாடகையைச் செலவழித்து மொட்டைமாடித் தளத்தைச் செப்பனிட்டிருக்கிறார். ஈரமோ நிற்கவில்லை.

"அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழாய்க்காரர் கூலியோடு போயிருக்குமே, அப்பா!" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நமக்கு இவ்வளவு உறைத்திராது. இரண்டு செலவையும் முன்பணத்திலேயே கழித்துக்கொள்ளும்படி வற்புறுத்திவிட்டுத்தான் படி இறங்கினோம்.

நிற்க. இந்த அநுபவத்திலிருந்து நாம் கற்றவற்றையும், சட்டம் சொல்வதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

வீட்டுக்காரர், குடித்தனக்காரர் தகராறு சென்னைக்குப் புதிதன்று. 1942-இல் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற பீதியில் ஜனங்கள் பட்டணத்தை விட்டு ஓடினார்கள். யுத்தம் முடிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று; குடியிருக்க இடமின்றித் திண்டாடினார்கள். 1946-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1949-இலும் 1960-இலும் அதன் இடத்தில் வேறு சட்டங்கள் வந்தன. 1960-ஆம் வருஷச் சட்டம் ஏறக்குறைய அறுபது ஆண்டு நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக, இருதரப்பாரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ஆம் வருஷச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தது.

இச்சட்டப்படி ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வேறுவிதமாக இருவரும் ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கத்தை அறிந்தவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. வாடகைக்கு ரசீது பெறுவது குடித்தனக்காரரின் உரிமை. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழி இதற்கும் பொருந்தும். தகராறு வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு அதிகாரம் கிடையாது.

உரிமை இவ்விதமென்றால், பொறுப்பும் உண்டு. சுவர் முதலான கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலை ஆகியவை பொதுவாக வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. குழாயின் வாஷர், தாழ்ப்பாள், பூட்டு, மின்சார ஸ்விச்சு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் குடித்தனக்காரரைச் சேர்ந்தவை. ஆனால் குடித்தனக்காரருடைய கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கு அவரே ஜவாப்தாரி. எழுத்து மூலமான சம்மதமின்றி வீட்டை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடவும் கூடாது.

சட்டத்தில் எழுதாத சில கடமைகளும் இருக்கின்றன. கீழே ஒருவர் தூங்கும்போது மாடியில் உரலில் இடிப்பது, பொதுத் தொட்டி நீரை முதலில் எழுந்தவர் காலி செய்வது, படிக்கட்டில் சாமான்களை அடைப்பது இவையெல்லாம் எந்தக் கோர்ட்டுக்கும் போவதில்லை. மனஸ்தாபம் மட்டும் மலை போல் வளர்கிறது. வாடகை தர ஒரு மாதம் தாமதமாகும் போலிருந்தால், தேதி கடக்கும் முன்பே போய்ச் சொல்லிவிடவேண்டும். கேட்கப்பட்ட பிறகு சொல்லும் காரணம் உண்மையாகவே இருந்தாலும் சாக்குப்போக்காகவே ஒலிக்கும்.

இப்போது நாம் புதிய வீட்டில் பிரவேசிக்கும் நாளில், பால் காய்ச்சியதும் வேறொரு சடங்கும் செய்கிறோம். வீட்டுக்காரருடன் அறை அறையாகச் சென்று, எங்கே விரிசல், எந்தக் குழாய் சொட்டுகிறது, எத்தனை சாவிகள் என்று ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். ஆணி அடிக்குமுன் கேட்கிறோம். பழுது கண்டால் அன்றே சொல்கிறோம். காலி செய்யும்போது மின்சாரப் பாக்கியைத் தீர்த்து, ஆணித் துவாரங்களை அடைத்து, தரையைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், இதனால் நமக்குச் செலவு குறைந்திருக்கிறதே தவிரக் கூடவில்லை. இன்றும் திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் அந்த அம்மாளைப் பார்க்காமல் வருவதில்லை. அவரும் காபி கொடுத்துவிட்டு, "இப்போது இருக்கிற வீட்டில் பீரோ எங்கே இருக்கிறது?" என்று விசாரிக்கத் தவறுவதில்லை.